குழாயை வடிக்கத் தெரிந்த வீடு

உறைபனி எச்சரிக்கை வந்துவிட்டால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: குழாயைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்துபோனபோதும் அதைத்தான் சொன்னார்கள். அதே வாரத்தில் ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் மக்களிடம் கேட்டுக்கொண்டது இதற்கு நேர் எதிரானது: குழாய் வெடிக்காமலிருக்கும் என்று தண்ணீரை ஓடவிடாதீர்கள், நகரத்தில் அழுத்தம் இல்லை. இரண்டுமே பொறுப்புள்ள இடத்திலிருந்து வந்த சொற்கள், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. குழம்பிப்போனது வீட்டுக்காரர்தான். அந்த வாரம் கற்றுத் தந்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இது: மின்சாரம் போனாலோ குழாயில் வேகம் குறைந்தாலோ சொட்டவிடும் யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும். வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெயின் வால்வை மூடி, வீட்டுக் குழாய்களை முழுக்க வடித்துவிட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளக் குழாய் எப்படி வெடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிகிறது. அந்தப் பனிக்கட்டி பக்கவாட்டில் நெருக்கிக் குழாயைப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனி அடைப்பு உருவாகி வளர்கிறது. அடைப்புக்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அதில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பனியே இல்லாத ஓரிடத்தில்கூடக் குழாய் கிழிகிறது. சொட்டவிடுவதன் பயன் இங்கேதான். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது பாதி உண்மை. முனை திறந்திருப்பதால் அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது என்பதே முக்கியமான பாதி. அப்படியென்றால் குழாயில் தண்ணீரே இல்லாமல் செய்துவிட்டால்? உறையவும் ஒன்றுமில்லை, நெருக்கவும் ஒன்றுமில்லை. சொட்டவிடுவது தருகிற பாதுகாப்பை வடித்துவிடுவது இன்னும் முழுமையாகத் தருகிறது, ஊர்த் தண்ணீரில் ஒரு துளிகூடச் செலவழிக்காமல்.

'என் வீட்டுச் சொட்டில் நகரமா வற்றிவிடும்?' என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயத்தில் திறந்துவிடும் குழாய் பெரும்பாலும் சொட்டுவதில்லை, மெல்லிய கம்பியாக ஒழுகுகிறது. நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 360 லிட்டர். வீட்டுக்கு இரண்டு குழாய், அப்படி ஒரு லட்சம் வீடுகள் என்றால் நாளொன்றுக்கு 7.2 கோடி லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. ஆனாலும் 2021-இல் பெரிய இழப்பு இதனால் வந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெடித்த குழாய்களால் வந்தது. ஆஸ்டின் நகரம் மட்டும் 32.5 கோடி கேலன், அதாவது 120 கோடி லிட்டருக்கு மேல் இழந்ததாக அதன் குடிநீர்த் துறை அப்போது சொன்னது. ஆள் இல்லாத வீட்டில், பரணில் வெடித்த குழாய் யாரும் பார்க்காமல் மணிக்கணக்கில் பீய்ச்சிக்கொண்டிருக்கும். இந்த ஒப்புதல் என் வாதத்துக்குப் பாதகமில்லை, சாதகம்தான். சொட்டவிட்ட வீட்டில் குழாய் வெடித்தால் வெள்ளம். வால்வை மூடிய வீட்டில் எங்காவது மிச்சம் நின்ற தண்ணீர் உறைந்து குழாய் கிழிந்தாலும் தரையில் சிந்துவது ஒரு வாளித் தண்ணீர்.

அழுத்தம் போனால் குளிக்க முடியாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. டெக்சஸ் விதிப்படி தெருக்குழாயில் சாதாரண நாளில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே இறங்கினால் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு வரும். உள்ளிருக்கும் அழுத்தம்தான் வெளி அழுக்கு விரிசல் வழியே புகாமல் தடுக்கும் காவல். அந்த வாரம் 1.4 கோடிக்கும் மேற்பட்ட டெக்சஸ் மக்கள் இந்த அறிவிப்பின் கீழ் இருந்தார்கள். தீயணைப்பு ஹைட்ரண்டுகளுக்கும் அதே குழாய்தான். சான் அன்டோனியோவின் புறப்பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியபோது, அங்கிருந்த ஹைட்ரண்டுகள் உதவாமல் வண்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து அணைக்க வேண்டியிருந்தது. வால்வை மூடுகிறவர் தன் சுவரை மட்டும் காப்பாற்றவில்லை.

சரி, மூடிவிட்டால் குடிப்பதற்கு என்ன செய்வது? நியாயமான ஆட்சேபம். அதனால்தான் பிடித்துவைப்பது முதலில், மூடுவது பிறகு. குடிக்கவும் அடிப்படைச் சுத்தத்துக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், சுமார் 3.8 லிட்டர் என்பது அமெரிக்கப் பேரிடர் கையேடுகளின் கணக்கு. நால்வர் குடும்பத்துக்கு நான்கு நாளைக்கு 60 லிட்டர். பாத்திரங்களிலும் குடங்களிலும் அடங்கிவிடும். உண்மையான பெருந்தீனிக்காரன் கழிப்பறை. புதிய வகையிலேயே ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர், பழையதில் 13. ஒரு நாளைக்கு எட்டு முறை என்றாலும் நான்கு நாளில் 200 லிட்டர் வேண்டும். பாத்டப்பை நிரப்பச் சொல்வது இதற்குத்தான். பாத்டப் அடைப்பான்களில் பல இரவோடிரவாக மெல்லக் கசிந்து விடியும்போது தொட்டியைக் காலி செய்துவிடும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் நிரப்பினால் நிற்கும். ஃப்ளஷ் செய்யும்போது பின்தொட்டியை நிரப்ப வேண்டியதில்லை. கிண்ணத்திலேயே வாளித் தண்ணீரை ஒரே வீச்சாக ஊற்றினால் போதும். அரிசி கழுவிய நீரும் அதற்கு ஆகும். வெளியே கிடக்கும் பனியை அள்ளி உருக்கலாம்தான், ஆனால் பொசுபொசுவென்ற புதுப்பனி ஒரு வாளி உருகினால் கிடைப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

சென்னை வீட்டுக்கு மொட்டைமாடித் தொட்டி உண்டு. தெருவில் அழுத்தமே இல்லாவிட்டாலும் அது காலியாகும்வரை குழாயில் தண்ணீர் வரும். ஹூஸ்டனிலும் டாலஸிலும் குடியேறிய தமிழர்கள் அந்தத் தொட்டியைத் தேடுவது இயல்பு. அது அங்கேயும் இருக்கிறது, வேறு பெயரில்: வாட்டர் ஹீட்டர். வழக்கமான ஹீட்டர் தொட்டியில் 150 முதல் 190 லிட்டர் நல்ல தண்ணீர் நிற்கும். மெயின் வால்வை மூடும்போதே ஹீட்டருக்குள் குளிர்நீர் நுழையும் வால்வையும் மூடிவிட்டால், அந்தத் தண்ணீர் கெடாது, பின்னோக்கி உறிஞ்சப்படவும் செய்யாது. அதற்கு முன் மின் ஹீட்டரின் பிரேக்கரை அணைத்தாக வேண்டும், கேஸ் ஹீட்டரைப் பைலட் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் இறங்கிய தொட்டியில் சூடேற்றும் கம்பி இயங்கினால் எரிந்துபோகும். எடுக்கும்போது மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, அடியிலுள்ள வடிகுழாயில் பிடிக்கலாம். கை சுடும், கவனம். முதலில் வரும் கலங்கலைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். தொட்டியில்லாத ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேமிப்பு இல்லை என்பது ஒரு குறை. அதன் உறைவுத் தடுப்பு மின்சாரத்தை நம்பியிருப்பதால், மின்வெட்டில் முதலில் வடிக்க வேண்டிய கருவியும் அதுதான்.

வடிப்பது பெரிய வித்தையல்ல. மெயின் வால்வை மூடி, வீட்டின் உயரமான குழாயையும் தாழ்வான குழாயையும் திறந்தால் மேலே காற்று நுழையக் கீழே தண்ணீர் இறங்கும். தோட்டக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு அதையும் திறக்க வேண்டும். கழிப்பறைகளை ஒருமுறை ஃப்ளஷ் செய்ய வேண்டும். சிக்கல் வித்தையில் இல்லை, வால்வு எங்கே என்று தெரியாததில் இருக்கிறது. டெக்சஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை கிடையாது; வால்வு தெருவோர மீட்டர் பெட்டிக்குள் இருக்கும், திருகத் தனிச் சாவி வேண்டும், ஐஸ் மூடிவிட்டால் பெட்டியே கண்ணில் படாது. அக்டோபரில் ஒரு மாலை அதைத் திறந்து, திருகிப் பார்த்து, மறுபடி திறந்துவைப்பவருக்கு பிப்ரவரி பாதி முடிந்த மாதிரி.

ஒவ்வொரு குளிர் இரவிலும் இப்படி மூடி வடிக்கச் சொல்லவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்த சோதனைகள், காப்புறையில்லாத பரண்குழாய்களுக்கு ஆபத்தின் எல்லையாக மைனஸ் 7 டிகிரி செல்சியஸைக் காட்டின. மைனஸ் 2-க்கு மெயின் வால்வை மூடுவது எறும்புக்கு ஏணி வைக்கிற வேலை. மின்சாரமும் ஹீட்டிங்கும் ஒழுங்காக இருந்தால், அழுத்தமும் குறையாமல் இருந்தால், தூரத்துக் குழாய் ஒன்றை மட்டும் உண்மையிலேயே சொட்டாக விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2021 பிப்ரவரி 16-இல் டாலஸ் மைனஸ் 19-ஐத் தொட்டது, மாநிலத்தில் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்திருந்தன. அந்த நிலைக்குச் சொட்டு மருந்து போதாது. வீட்டுக்குள் தீயணைப்புத் தெளிப்பான் இருப்பவர்களும் அடுக்குமாடிகளில் இருப்பவர்களும் தாமாக மூடிவிடக் கூடாது, பலரால் முடியவும் முடியாது. தனி வால்வு இருக்கிறதா, கட்டட நிர்வாகம் எப்போது மூடும் என்பதை முன்பே கேட்டுவைக்கலாம். அவர்களுக்கு மிச்சமிருப்பது பிடித்துவைப்பதும், ஸிங்குக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைப்பதும்தான். தண்ணீர் பிடிக்கும்போது, அழுத்தம் குறைந்த வீட்டில் மாடியில் நின்று காத்திருப்பது வீண். ஒவ்வொரு மாடி உயரத்துக்கும் சதுர அங்குலத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் இழக்கிறோம். மேலே காற்று மட்டும் வரும்போது கீழ்த்தளத்து பாத்டப் குழாயில் நூலாகத் தண்ணீர் வரும்.

கொதிக்கவைக்கும் அறிவிப்பு வந்தபின் தளதளவென்று ஒரு முழு நிமிடம் கொதித்தால் போதும். டெக்சஸ் அதிகாரிகள் இரண்டு நிமிடம் என்பார்கள், தவறில்லை. அடுப்பு எரியாவிட்டால் மணமில்லாத, சாதாரண வீட்டு பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். தோட்டத்து கிரில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டிவிடாதீர்கள். அந்த வாரம் கார்பன் மோனாக்சைடும் ஆட்களைக் கொன்றது. நம் சமையலறையில் சோறும் குழம்பும் எப்படியும் கொதித்துவிடும். ஏமாற்றுவது மோரும் சட்னியும் ஊறுகாய்க் கரண்டி கழுவிய நீரும். குடிக்கக் காய்ச்சிய நீரைப் பத்திரமாக வைத்துவிட்டு மோரைக் குழாய்த் தண்ணீரில் கலக்குகிற கை எல்லா வீட்டிலும் உண்டு.

பனி உருகும் நாள்தான் கிழிந்த குழாய் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நாள். அதனால் வெயில் வந்ததும் வால்வைச் சட்டென்று முழுக்கத் திறக்கக் கூடாது. குழாய்முனைகளைத் திறந்துவைத்து, வால்வைக் கால் சுற்று திருப்பி, சுவரோரம் காது கொடுக்க வேண்டும். காற்று வெளியேறித் தண்ணீர் சீராக வந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதன் முகத்தில் ஒரு சின்ன முக்கோணம் அல்லது சக்கரம் இருக்கும். வீட்டில் எதுவும் திறந்திராதபோதும் அது சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. ஹீட்டர் தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும். கொதிக்கவைக்கும் அறிவிப்பை விலக்கியதும் குளிர்நீர்க் குழாய்களைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டரை மாற்றி, ஃபிரிட்ஜ் தானாகச் செய்துவைத்திருக்கும் ஐஸ் கட்டிகளையும் கொட்டிவிடுங்கள்.