மௌஸ் பிடிக்கும் கைக்கு மாற்று வழி

சித்தூர், திருப்பதி வட்டாரத்து நம் அன்பர்களின் பிள்ளைகள் பலர் கணிப்பொறி நிரல் எழுதிப் பிழைக்கிறார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் திரும்பியவர்களுக்குச் சாப்பாட்டு மேசையே அலுவலகமாயிற்று. "சார், விரல் மரத்துப்போகிறது, வேலையை விட வேண்டியதுதானா?" என்று என்னிடம் படித்த சிலர் கேட்டார்கள். வேலையை விடும் முன் மௌஸை விட்டுப் பார்க்கலாம் என்பது என் பதில்.

கையைத் தளரத் தொங்கவிடுங்கள். உள்ளங்கை தொடையைப் பார்த்து நிற்கும். அதே கையை மௌஸ் மேல் கவிழ்த்தால் முன்கையின் இரண்டு எலும்புகளும் குறுக்கிட்டுத் திருகும். மணிக்கட்டும் பின்னால் வளையும். இப்படியே பல மணி நேரம் இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாயிருந்தால் மணிக்கட்டின் நடுநரம்பு நெருக்கப்படலாம். மரப்பு தூக்கத்தில் எழுப்பினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ முதலில் டாக்டரிடம் போங்கள். கருவி பிறகு.

நிமிர்ந்த மௌஸ் என்று ஒன்று உண்டு. டம்ளரைப் பிடிப்பதுபோல் பிடிக்கலாம், திருகல் குறையும். ஆனால் தோளும் முழங்கையும் அசையத்தான் வேண்டும். தோள் வலிக்காரர்களுக்கு உருண்டை வைத்த டிராக்பால் மேல். கை நகராது, விரல் மட்டும் உருட்டும். இது மௌஸுக்கும் மூத்தது. 1952-இல் கனடா கடற்படைக்காகச் செய்தபோது விளையாட்டுப் பந்து ஒன்றையே உருண்டையாக வைத்தார்கள். எங்கெல்பார்ட்டின் மௌஸ் 1960-களில்தான் வந்தது. பெருவிரல் வலி உள்ளவர்கள் பெருவிரலால் உருட்டும் வகையை வாங்க வேண்டாம்.

காசு செலவில்லாத வழி, மௌஸை இடக்கைக்கு மாற்றுவது. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். மௌஸுக்கு அந்த ஆசாரம் இல்லை. இரு கையும் முறை வைத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் வலி இடம் மாறும், அவ்வளவே. வலப்புற எண் விசைகள் இல்லாத கீபோர்டு வாங்கினால் மௌஸ் இன்னும் அருகே வரும்; தோளை நீட்ட வேண்டாம்.

நிரல் எழுதுபவருக்கு இன்னொரு வசதி, மௌஸே வேண்டாமென்று இருக்கலாம். 1991-இல் வெளிவந்த விம் என்னும் எழுது மென்பொருளில் எச், ஜே, கே, எல் விசைகளாலேயே திரை முழுதும் உலவலாம். கன்ட்ரோல் விசையைச் சுண்டுவிரலால் ஓயாமல் அழுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். முதல் சில வாரம் வேகம் குறையும். மேலதிகாரியிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.