பழைய சர்க்கார் கட்டடங்களைக் காக்கும் முறை

பஞ்சாயத்துக் கூட்டங்களில் புதிய கட்டடம் வேண்டி வரும் தீர்மானங்கள் ஏராளம். இருக்கின்ற கட்டடத்தின் கூரைமேல் ஏறிப் பார்த்துவர வேண்டுமென்னும் தீர்மானம் மிக அரிது. போடிநாயக்கனூர் வட்டாரத்தில், சமவெளியிலும் ஏலமலைச் சரிவிலும், நம் முன்னோர் சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் கொண்டு எழுப்பிய பொதுக் கட்டடங்களை நாம் பார்க்கிறோம். அவற்றை இடிப்பதா, காப்பதா என்ற கேள்வி அங்கத்தினர்கள் முன் அடிக்கடி வருகிறது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். அதன் பின்னர் மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து அகற்ற அரசு ஆணையிட்டது. உயிருக்கு ஆபத்தான சுவரை ஒரு நாளும் விட்டுவைக்கலாகாது. ஆனால் பழைமை வேறு, பழுது வேறு. நூறாண்டுச் சுவர் திடமாக நிற்பதும், இருபதாண்டுக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து உதிர்வதும் நாம் காண்பவையே. எனவே பொறியாளர் பார்த்து எழுத்து மூலம் தரும் கருத்தின்றி எதையும் இடிக்கத் தீர்மானிக்க வேண்டாம்.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை நம்மில் பலர் பார்த்திருப்போம். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் 1970 வரை அங்கே நீதிமன்றங்கள் நடைபெற்றன. இப்போது அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அந்த மாபெரும் தூண்கள் சுண்ணாம்புச் சாந்து பூசப்பெற்றவை. அன்றாடம் ஆள் புழங்கியதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பது எம் கருத்து. புழக்கமுள்ள இடத்தில் ஒழுக்கு அன்றே கண்ணில் படும். பூட்டிய அறையில் உத்திரம் உளுத்த பின்னரே தெரியும். 2010 இறுதியில் போடிக்கு நின்ற ரயில், அகலப் பாதை அமைந்து 2023 ஜூன் 15-இல் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த கட்டடம் அப்படித் திரும்பி வருவதில்லை. நூலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, மருத்துவ முகாமோ, ஏதேனும் ஒரு வேலை அதற்கு வேண்டும்.

இனிப் பழுதுபார்க்கும் முறை. இதிலே பெருந்தவறு சிமெண்டினால் நேர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிர்கிறது. வட்டாரத்தில் ஒரு சாவடிச் சுவர் சிமெண்ட் பூசிய இரண்டாம் மழைக்காலத்திலேயே பாளம் பாளமாகப் பெயர்ந்ததைப் பார்த்தோம். பூசியவர் நல்லெண்ணத்துடன்தான் பூசினார். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரம் நீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசுவதே பழைய வழி. வெயிலில் விரைந்து காயாதபடி சாக்கு நனைத்து மூட வேண்டும். இத்தொழில் அறிந்த முதிய கொத்தனார்கள் குறைந்து வருகின்றனர். இருப்பவர்களுடன் இளைஞர் இருவரையேனும் சேர்த்து வேலை வாங்குவது நன்று.

கட்டடத்தின் முதற்பகை நீர். ஏலத்தூரில் நீர் தேங்கினால் அழுகல் வருமென்று மலை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அஸ்திவாரத்துக்கும் அதே நியாயந்தான். சாலையை ஆண்டுதோறும் உயர்த்திப் போட்டு, கட்டடத்தைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறோம். சுற்றுத்தரை சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். சரிவுகளில் கல் அடுக்கிய தாங்குசுவர்களின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால் சுவர் வயிறு தள்ளிச் சாயும். கசிவுத் துளைகளை அடைக்காதீர்.

சுவரில் முளைக்கும் ஆலும் அரசும் அடுத்த பகை. பலங்கொண்டு பிடுங்கினால் கல்லும் கூட வரும். மேலே மட்டும் வெட்டினால் மீண்டும் தழைக்கும். இணைப்பைத் திறந்து வேரை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் மூட வேண்டும். வளாகத்திலுள்ள முதிய புளியும் வேம்பும் வெட்டத்தக்கவை அல்ல. ஓட்டின்மேல் படரும் கிளையைக் கழித்தாற் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, கூரையிலுள்ள சருகை அள்ளி, உடைந்த சீமை ஓடுகளை மாற்றி, நீர் வடியும் குழாய்களில் ஒரு குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். எந்த ஓடு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, எந்த விரிசல் எவ்வளவு அகலம் என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விரிசலின் குறுக்கே சிறு சுண்ணாம்புப் பட்டை ஒன்று பூசித் தேதியிட்டால், அது வெடித்ததா இல்லையா என்பதை அடுத்த முறை வரும் பொறியாளர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.