அமுக்கத்திற்கு வழிவிடும் வாயில்கள்
குழாய், தெளிகருவி, உழவு இயந்திரம் ஆகியவற்றின் காப்பு வால்வுகள் பற்றி மலைநாட்டுக் கமக்காரர் அறியவேண்டியவை

இலங்கையிற் குளங்கட்டி நெல் விளைவித்த முன்னோர், அணை எவ்வளவு உறுதியாயினும் வானில்லாத குளம் நிலைக்காது என்பதை நன்கறிந்திருந்தனர். வான் என்பது அணையின் உச்சியிலும் தாழ்வாக, உறுதியான கல்லின்மேல் அமைக்கப்பட்ட வழியாகும். குளம் நிரம்பியதும் மிகைநீர் அவ்வழியே தானாக வெளியேறும். அதற்கு ஆளும் வேண்டியதில்லை, ஆணையும் வேண்டியதில்லை. வான் அடைபட்டாலோ, அதன் அளவை மிஞ்சிய வெள்ளம் வந்தாலோ, நீர் மண்ணணையின் மேலாகப் பாய்ந்து அதனை அரித்து உடைத்துவிடும். 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் வரண்ட வலயத்துக் குளங்கள் பல உடைப்பெடுத்தமை, அடைபட்ட நீரின் வலிமையை நினைவூட்டும்.

குளத்திற்கு உரிய இவ்விதி, நீரையோ எண்ணெயையோ காற்றையோ அடைத்து வேலைவாங்கும் கருவிகள் யாவற்றுக்கும் பொருந்தும். அடைபட்ட பொருளுக்கு மனிதன் ஒரு வழி வைக்காவிடின், அது தனக்கு வேண்டிய வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அவ்வழி பெரும்பாலும் குழாயின் வெடிப்பாகவோ கருவியின் உடைவாகவோ அமையும். கருவிகளில் வானின் தொழிலைச் செய்வது காப்பு வால்வு ஆகும்.

1. மலைச்சரிவும் நீரமுக்கமும்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை முதலிய இடங்களில் மரக்கறி பயிரிடுவோர் பலர், மேலேயுள்ள ஊற்றுகளிலிருந்து பிளாஸ்ரிக் குழாய்மூலம் நீரை இறக்கிக் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்குப் பாய்ச்சுகின்றனர். இதற்குப் பம்பியும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். ஆயினும் அமுக்கம் உண்டு என்பது மறக்கப்படுகின்றது.

நீர் செங்குத்தாக 10 மீற்றர் இறங்குந்தோறும் அதன் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் கூடும். குழாயின் நீளம் இதிற் கணக்கில்லை; உயர வேறுபாடே கணக்கு. ஊற்று தோட்டத்திலிருந்து 60 மீற்றர் உயரத்தில் இருப்பின், கீழ்முனையில் அமுக்கம் 6 கிலோகிராம் ஆகும். அம்முனையில் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடி இருக்குமாயின், அதனை நீர் ஏறக்குறைய 120 கிலோகிராம் பாரத்துடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இது 50 கிலோ உரமூட்டைகள் இரண்டின் பாரத்திலும் கூடியது.

நீர் ஓடும்போது குழாயின் உராய்வால் அமுக்கத்தின் ஒரு பகுதி குறையும். எல்லா வாயில்களையும் பூட்டி ஓட்டத்தை நிறுத்தியதும் முழு அமுக்கமும் குழாயின்மேல் வந்துவிடும். பகலெல்லாம் தாங்கிய குழாய், யாரும் தண்ணீர் எடுக்காத இரவில் வெடிப்பதற்குக் காரணம் இதுவே. சரிவில் வெடித்த குழாய் விடியும்வரை பாயுமாயின், வரம்பையும் மேல்மண்ணையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும். குழாயைப் புதிதாக வாங்கலாம். போன மேல்மண்ணை வாங்க இயலாது.

இதற்குச் சிறந்த பரிகாரம் இடைத்தொட்டி ஆகும். 40 மீற்றர் இறக்கத்திற்கு ஒன்றாகத் திறந்த சிறு தொட்டியொன்றைக் கட்டி, மேற்குழாய் அதில் விழவும், அதிலிருந்து கீழ்க்குழாய் புறப்படவும் செய்தல் வேண்டும். நீர் திறந்த தொட்டியில் விழுந்தவுடன் அதன் அமுக்கம் தீர்ந்துவிடும். கீழ்க்குழாய்க்கு அத்தொட்டியிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். தொட்டியின் மேல்விளிம்பருகே வழிவாய் ஒன்று வைத்து, அதனைக் கல்பாவிய வடிகாலுடன் இணைக்கவேண்டும். தொட்டியில் மிதவை வால்வு பொருத்தினும் வழிவாயை விலக்கலாகாது. மிதவை சிக்கி நீர் நில்லாது வரும் நாளில் வழிவாயே தொட்டியைக் காக்கும்.

2. நீரின் சம்மட்டியடி

குழாயில் ஓடும் நீர், இறக்கத்தில் ஓடும் பாரவண்டியைப் போன்றது. அதனை ஒரு நொடியில் நிறுத்த முயன்றால் அது மோதும். வாயிலைச் சட்டென மூடும்போது குழாய் அதிர்ந்து ஒலிப்பது இம்மோதலினாலேயே ஆகும்.

பிளாஸ்ரிக் குழாயில் செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் திடீரென நிறுத்தப்பட்டால், முன்பிருந்த அமுக்கத்தின்மேல் ஏறக்குறைய 6 கிலோகிராம் கூடும். அதே வேகத்தில் இரும்புக் குழாயில் 18 கிலோகிராம் வரை கூடும். விறைப்பான குழாயில் அடி கடுமையாகும். ஆதலின் 60 மீற்றர் இறக்கமுள்ள பிளாஸ்ரிக் குழாயின் வாயிலைச் சட்டென அடைப்பவர், அதனை 120 மீற்றர் இறக்கத்தின் அமுக்கத்திற்கு உள்ளாக்குகின்றார்.

குழாய் நீளமாகுந்தோறும் வாயிலை மூட எடுக்கும் நேரமும் கூடவேண்டும். 400 மீற்றர் நீளமான பிளாஸ்ரிக் குழாயில் இரண்டு செக்கனுக்குள் மூடுவது திடீரென மூடுவதாகவே முடியும். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடிக்கொள்ளும் வாயில்களில் இத்தவறு எளிதில் நேரும். பல சுற்றுகள் திருப்பி மூடும் வாயிலே நீண்ட குழாய்க்கு ஏற்றது.

மலைநாட்டின் மின்னிலையங்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய இலக்சபான நிலையத்திற்கு நீர் 400 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்குகின்றது. இத்தகைய உயர்வீழ்ச்சி நிலையங்களில், மின்சுமை திடீரென அற்றுப்போனால் சில்லின் வேகம் கட்டுக்கடங்காது போகும். அதற்காக நீரைச் சட்டென நிறுத்தினாலோ குழாய் உடையும். ஆகவே பெல்ற்றன் சில்லுக்குமுன் ஒரு தகடு வைக்கப்படும். அது நீர்த்தாரையைச் சில்லிலிருந்து உடனே விலக்கிவிடும். பின்னர் ஊசிவாயில் மெல்ல மெல்ல நீரை அடைக்கும். ஆபத்தை உடனே விலக்கி, ஓட்டத்தை ஆறுதலாக நிறுத்தும் இம்முறை தோட்டத்துக் குழாய்க்கும் நல்ல பாடமாகும்.

3. காப்பு வால்வின் அமைப்பு

டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1680 ஐ அண்டிய ஆண்டுகளில், நீராவியால் உணவை அவிக்கும் மூடிய பாத்திரமொன்றை அமைத்தார். அது வெடிக்காதிருத்தற்பொருட்டு, துளையொன்றின்மேல் நெம்புகோலாற் பாரம் ஏற்றிய அடைப்பை வைத்தார். உள்ளமுக்கம் பாரத்தை மிஞ்சும்போது அடைப்பு உயர்ந்து ஆவி வெளியேறும். அமுக்கம் தணிந்ததும் அடைப்பு மீண்டும் அமரும். இன்றைய வால்வுகளிற் பெரும்பாலும் பாரத்திற்குப் பதிலாகச் சுருள்வில் உள்ளது, தத்துவம் அதுவே.

வால்வு திறக்கவேண்டிய அமுக்கம், வேலை அமுக்கத்திலும் சிறிது கூடியதாகவும், தொகுதியில் மிக மெலிந்த உறுப்புத் தாங்கும் அமுக்கத்திலும் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். வால்வுக்கும் அது காக்கும் குழாய்க்கும் இடையே வேறு வாயில் எதுவும் இருக்கலாகாது. அதன் வெளிவழி அடைபடாதிருப்பதுடன், ஆட்கள் நிற்காத பக்கத்தை நோக்கியும் இருத்தல் வேண்டும்.

பம்பியின் வகையை அறிதலும் அவசியம். ஆடுதண்டுப் பம்பி ஒவ்வோர் அடியிலும் குறித்த அளவு நீரைத் தள்ளியே தீரும். வெளிவழி அடைபட்டால் ஏதேனும் உடையும்வரை அமுக்கம் ஏறும். அதற்குக் காப்பு வால்வு இன்றியமையாதது. மையநீக்கப் பம்பி தனக்குரிய உயரத்திற்குமேல் அமுக்கத்தை ஏற்றாது. எனினும் வாயிலைப் பூட்டியபடி நெடுநேரம் ஓடவிட்டால் உள்ளேயுள்ள நீர் கொதித்து ஆபத்து விளையும்.

4. தெளிகருவிகள்

கையாற் காற்றடைக்கும் தெளிகருவியின் தாங்கி, மூடியைத் திறக்குமுன்னரே காற்று நீக்கப்படவேண்டியதாகும். அமுக்கம் இருக்கும்போது மூடியைத் திருகினால் அது முகத்தை நோக்கிப் பாயும். அதனோடு நஞ்சும் பாயும். ஆகவே முதலிற் காப்பு வால்வை இழுத்துக் காற்றை வெளியேற்றி, ஓசை முற்றாக அடங்கிய பின்னரே மூடியைத் தளர்த்தல் வேண்டும். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நன்று.

இயந்திரத்தால் இயங்கும் தெளிகருவிகளில் 20 முதல் 40 கிலோகிராம் வரை அமுக்கம் எழும். தெளிமுனையை மூடும்போது, பம்பி தள்ளும் மருந்து சீராக்கி வால்வின் வழியே தாங்கிக்குத் திரும்பும். தூரத்திற்குத் தெளிக்க விரும்பி இவ்வால்வின் திருகை இறுக்கிக்கொண்டே போவோர், திரும்பும் வழியை அடைத்துவிடுகின்றனர். பின் தெளிமுனையை மூடிய கணத்தில் ரப்பர்க்குழாய் வெடிக்கும். வெடிப்பது பெரும்பாலும் அதனைத் தாங்கிநிற்பவரின் அருகிலேயே. தெளிப்பின் தூரம் குறைந்தால் முதலில் வடியையும் தெளிமுனையையும் கழுவிப் பார்த்தல் வேண்டும்; திருகைத் தொடுவது இறுதி வேலை.

5. உழவு இயந்திரத்தின் எண்ணெயமுக்கம்

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்புறம் கலப்பையை உயர்த்துவது ஹைட்ரோலிக் எனப்படும் எண்ணெயமுக்கத் தொகுதியாகும். இதில் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 150 கிலோகிராமையும் தாண்டும். தூக்க இயலாத பாரம் ஏற்றப்பட்டால் உள்ளிருக்கும் காப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பும். அப்போது சீறும் ஓசை கேட்கும். அவ்வோசை பாரம் மிகுதி என்னும் எச்சரிக்கையாகும். வால்வை இறுக்கும்படி கேட்கும் ஓசையன்று.

காப்பு வால்வு பம்பியையும் குழாய்களையும் காக்குமேயன்றி, உயர்த்திய பாரத்தைத் தாங்கிப்பிடிக்காது. குழாய் அறுந்தால் பாரம் கணத்தில் விழும். ஆகவே சாய்க்கும் இழுவைப்பெட்டியை உயர்த்திவைத்து அதன்கீழ்ப் புகுபவர், உறுதியான முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே புகவேண்டும். வேலை முடிந்ததும் கலப்பையை நிலத்தில் இறக்கிவிட்டே இயந்திரத்தை நிறுத்தல் வேண்டும்.

எண்ணெய் கசியும் இடத்தைக் கையாற் தடவித் தேடுதல் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியே தெரியும். நோவும் தொடக்கத்திற் குறைவாகவே இருக்கும். ஆயினும் தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட மட்டைத் துண்டைப் பயன்படுத்துக. எண்ணெய் உட்புகுந்தவரை அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. நடந்ததை வைத்தியரிடம் தெளிவாகக் கூறுக.

6. பழுதானால் எப்பக்கம் விழும்?

எக்கருவியும் ஒருநாள் பழுதாகும். பழுதாகும் நாளிலும் தீங்கு விளையாத பக்கத்திற்கு விழுமாறு அமைப்பதே சிறந்த காப்பு. இதற்கு நானுஓயாவுக்கு ஏறிவரும் புகையிரதம் சிறந்த சான்றாகும்.

1889 ஜூன் 12 இல் அயர்லாந்தின் ஆர்மா என்னுமிடத்தில், ஏற்றத்தில் ஏறமுடியாது நின்ற புகையிரதமொன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதன் தடைகள், குழாயில் வெற்றிடம் இருக்கும்போது மட்டுமே பிடிப்பவை. பிரித்ததும் பிற்பகுதிப் பெட்டிகளின் தடைகள் விட்டுவிட்டன. அவை இறக்கத்தில் ஓடிப் பின்வந்த புகையிரதத்தில் மோதின. 80 பேர் இறந்தனர். அவ்வாண்டிலேயே, தானியங்கித் தடைகள் பயணிகள் புகையிரதங்களுக்குச் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டன.

இலங்கையின் புகையிரதங்களில் வழங்கிவரும் வெற்றிடத் தடை இதற்கு மறுதலையானது. குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை தடை விலகியிருக்கும். குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும் காற்றுப் புகுந்து தடை தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுதே வண்டியை நிறுத்துகின்றது.

தெளிகருவியின் கைவிசையும் இத்தகையதே. விரலை விட்டதும் அது மூடிக்கொள்ளும். பிடித்திருப்பவர் சரிவில் வழுக்கி விழுந்தாலும் மருந்து நிற்கும். கை சலிக்கின்றது என்று அதனைக் கம்பியாற் கட்டிவைப்பவர், ஆர்மாவின் தடையைத் தம் கையாலேயே உண்டாக்கிக்கொள்கின்றார்.

7. கமக்காரர் கைக்கொள்ளவேண்டியவை

(1) ஊற்றிலிருந்து தோட்டம்வரையுள்ள உயர வேறுபாட்டை அளந்து, அதற்கேற்ற அமுக்கத்தைத் தாங்கும் குழாயையே வாங்குக.

(2) வாயில்களை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுக.

(3) இடைத்தொட்டியின் வழிவாயை மாரிக்குமுன் துப்புரவு செய்க.

(4) சுண்டுபிடி உள்ள காப்பு வால்வை மாதம் ஒருமுறை இழுத்து, அது சிக்காது திறந்து மூடுகின்றதா எனப் பார்க்க.

(5) ஒழுகும் காப்பு வால்வைக் கழற்றிச் சுத்தஞ்செய்க, அல்லது மாற்றுக. ஆணியாலோ கட்டையாலோ ஒருபோதும் அடைக்கலாகாது.

(6) எந்த மூடியையும் மூட்டையும் கழற்றுமுன் அமுக்கத்தை முற்றாக நீக்குக.

(7) புதிய கருவியை வாங்கும்போது, “இது பழுதானால் எப்பக்கம் விழும்?” என்று விற்பவரிடம் கேட்டறிக.

வலப்பனை, ஹங்குராங்கெத்தை வயல்களில் நெல் விளைவிப்போர், பெருமழைக்குமுன் வரம்பின் கழிவாயைத் திறந்துவைக்க மறப்பதில்லை. வரம்பு உடைந்தபின் மண்வெட்டியுடன் ஓடுவதிலும், கழிவாயை முன்னரே திறந்துவைப்பது எளிது என்பது அவர்கள் அறிந்த உண்மை. குழாய்க்கும் கருவிக்கும் காப்பு வால்வே கழிவாய். அதனைத் திறந்தியங்க விடுபவர் தம் பொருளையும் உடலையும் காத்துக்கொள்வர்.