விரிசலுக்கும் தேதி உண்டு

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம்.

நிலம் தாழ்ந்து வீடுகள் வெடித்த இமயமலை ஊராகிய ஜோஷிமட்டைப் பற்றிய உமது நீண்ட கட்டுரை வெளியான இதழை வாசகசாலையில் எனக்கு முன்னால் வந்துவிட்ட ஒரு கனவான் பிற்பகல் முழுவதும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தபடியால், மறுநாள்தான் அது என் கைக்கு வந்தது. படித்த சூட்டிலேயே எழுதினால் கடிதம் காரமாகிவிடும் என்று ஒத்திப்போட்டேன், காரம் குறைவதாகக் காணோம், ஆகையால் எழுதிவிடுகிறேன்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே ஒரு விரிசல் வருகிறது. "கை நுழையும் அகலம்" என்று அதை வருணித்திருக்கிறீர். யாருடைய கை? கைக்குழந்தையின் கையும் கை, கொத்தனாரின் கையும் கைதானே! சாளரத்தின் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய விரிசலா, அல்லது தரைக்கும் சுவருக்கும் இடையே நீளவாக்கில் ஓடியதா, மேலே அகன்று கீழே குறுகியதா, கீழே அகன்று மேலே மறைந்ததா என்பதில் ஒன்றையும் நீர் சொல்லவில்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த வீட்டுக்கார அம்மாள் அதை முதன்முதலாகப் பார்த்தது எந்த மாதம் என்று கேட்காமல், அவள் கண்ணீர் விட்டதை மட்டும் ஏழு வரிக்கு எழுதியிருக்கிறீரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2023 ஜனவரி 2-ஆம் தேதி இரவில் அந்த ஊர் கலங்கியதையும், 868 கட்டடங்களில் விரிசல் கண்டதாகக் கணக்கெடுத்து அவற்றுள் 181 வசிக்கத் தகாதவை என்று அதிகாரிகள் முடிவு கட்டியதையும் நாடே அறியும். ஆனால் 2021-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அங்கே சில குடும்பங்களின் வீடுகள் வெடித்ததும், ஜனங்கள் தெருவில் இறங்கி முறையிட்டதும் பலர் அறியாத சமாசாரம். உம்முடைய அம்மாளின் சுவர் இந்த இரண்டில் எந்த வருஷத்துச் சுவர்? தேதியில்லாத விரிசல் தெய்வச் செயலாகப் போய்விடுகிறது. தேதியைப் போட்டுவிட்டாலோ அதற்கு ஒரு மனுவும், மனுவுக்கு ஒரு கோப்பும், கோப்புக்கு ஓர் உத்தியோகஸ்தரும் உடனே உண்டாகிவிடுகிறார்கள்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. வெகு காலத்துக்கு முன், தூர்ந்த ஏரி ஒன்றின்மேல் எழுந்த அரசாங்கக் குடியிருப்பு ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். தவணையெல்லாம் கட்டித் தீர்த்த பிறகும் வீட்டுக்காரர்களுக்குக் கிரயப் பத்திரம் கிடைக்கவில்லை. நிலத்தின் இறுதி விலை இன்னும் நிர்ணயமாகவில்லை என்பது காரியாலயத்தார் வருஷந்தோறும் சொன்ன சமாதானம். இதற்கிடையில் தரை அமுங்கிச் சுவர்கள் வெடிக்கத் தொடங்கின. பத்திரம் கேட்டால் "வீடு இன்னும் எங்களுடையது" என்றும், மராமத்து கேட்டால் "ஒதுக்கீடு பெற்றதும் வீடு உங்களுடையது" என்றும் ஒரே மேஜையிலிருந்து இரண்டு பதில்கள் வந்துகொண்டிருந்தன. அங்கே குடியிருந்த ரிட்டையரான ஓவர்சியர் ஒருவர், உடைந்த படச்சட்டத்துக் கண்ணாடியை விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, சமையலறைச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சிமெண்டால் பதித்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது. தெறித்தால், தெறித்த தேதியை எழுதிவிட்டு அதற்குக் கீழே புதுத் துண்டு ஒன்றைப் பதிப்பார். "இதெல்லாம் பழைய விரிசல், இப்போது நகரவில்லை" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்த பரிசோதகர், அந்தத் தேதிகளை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த வாரம், காரியாலயத்துக்குச் சொந்தமான சுவரில் அனுமதியின்றி அந்நியப் பொருள்களைப் பதித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. குடியிருப்பே பயந்துபோயிருக்க, ஓவர்சியர் மட்டும் கலியாண வீட்டுக்காரரைப் போலச் சிரித்தார். சுவர் தங்களுடையது என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களே! அந்த நோட்டீஸின் நகலைத் தைத்துத்தான் அடுத்த மனு போயிற்று. மராமத்து நடந்தது. பத்திரம் வர மேலும் நாளாயிற்று என்பது வேறு கதை.

இனி என்னுடைய இரண்டாவது ஆக்ஷேபம். "மெத்தனம்" என்று பத்திக்குப் பத்தி எழுதியிருக்கிறீர். தம்பி, இந்த விவகாரத்தில் எங்கே இருக்கிறது மெத்தனம்? 1976-இல் கட்வால் கமிஷனர் மிஸ்ராவின் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழுவே, அந்த ஊர் கெட்டியான பாறையின்மீது அமைந்ததன்று, பண்டைக் காலத்தில் சரிந்து வந்து தங்கிய மணலும் கல்லுமான மேட்டின்மீது அமைந்தது என்று எழுதி, பெருங்கட்டடங்கள் கூடாது, சரிவிலுள்ள பாறைகளை வெடி வைத்தும் தோண்டியும் அகற்றலாகாது, மரம் நடவேண்டும், கழிவுநீர் மண்ணில் இறங்காதபடி வடிகால் கட்டவேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்தது. அறியாமல் நடந்தது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. அதற்குப் பின் நடந்தவற்றில் சோம்பல் என்று சொல்லத்தக்கது மிகவும் சொற்பம், சுறுசுறுப்புத்தான் மிகுதி.

அந்த வட்டாரத்து மலைகளில் நான்கு திருத்தலங்களையும் இணைக்கும் சார்தாம் பெருவழியைப் பாரும். ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டியது. மதிப்பீடு சுமார் 12,000 கோடி ரூபாய். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விஸ்தரிப்புக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்பது விதி. இந்த வேலையோ 53 துண்டுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் நூறுக்குக் குறைவு. ஒரு மலைப்பாதையை இவ்வளவு கச்சிதமாக அறுப்பதற்கு எத்தனை வரைபடம், எத்தனை கூட்டம், எத்தனை குறிப்பு வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும். இதையா மெத்தனம் என்பது? பிறகு அகலத்துக்கு வாரும். மலைச் சாலைக்கு 5.5 மீட்டர் போதும் என்று 2018-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சுற்றறிக்கை விட்டிருந்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பின்பற்றச் சொன்னது. அதே டிசம்பரில் சுற்றறிக்கையே திருத்தப்பட்டு அகலம் 10 மீட்டராயிற்று. எல்லைக்குப் படை போகவேண்டும் என்ற வாதத்தை ஏற்று 2021 டிசம்பரில் நீதிமன்றமும் அனுமதித்தது. அந்த வாதம் அற்பமானதன்று. சீன எல்லையைக் காப்பது விளையாட்டா? ஆனால் இந்தச் சாலைக்கென்று அமைந்த மேற்பார்வைக் குழுவின் தலைவராயிருந்த ரவி சோப்ரா அதன் பிறகு ராஜிநாமா செய்துவிட்டு வெளியேறியதை நீர் அரை வாக்கியத்தில் தாண்டிப் போயிருப்பது எனக்குப் புரியவில்லை. கட்டுரையின் முதுகெலும்பே இந்த இடம்தான். மேற்பார்வை இல்லாத ஊரன்று அது. குழுக்களுக்கும் விதிகளுக்கும் அறிக்கைகளுக்கும் அங்கே குறைவேயில்லை. அவற்றின் எல்லைக் கோடு எங்கே முடிகிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அதற்கு ஓரங்குலம் அப்பால் நின்று காரியம் செய்யும் சாமர்த்தியம் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தைச் சோம்பேறித்தனம் என்று ஏசினால், ஏசப்பட்டவர்கள் உள்ளூரச் சந்தோஷப்படுவார்கள்.

இந்த 53-ஐப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதும் உண்மைதான். இருக்கட்டும்.

தபோவன் நீர்மின் திட்டத்துச் சுரங்கத்தில் 2009 டிசம்பரில் துளையிடும் யந்திரம் நிலத்தடி நீரூற்றைக் குத்திச் சிக்கிக்கொண்ட விவரத்தையும், தங்கள் சுரங்கத்துக்கும் ஊர் தாழ்வதற்கும் சம்பந்தமில்லை என்று அத்திட்டத்தை நடத்தும் என்.டி.பி.சி. நிறுவனம் மறுப்பதையும் ஒருங்கே கொடுத்திருப்பது சரி. அதற்குமேல் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டதும் சரி. ஆனால் விண்வெளி ஆய்வு நிறுவனத்தாரின் துணைக்கோள் அளவை, 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை 5.4 சென்டிமீட்டர் தாழ்வு என்று கண்டதையும், அந்த அறிக்கை வெளியான சூட்டோடு பார்வையிலிருந்து மறைந்ததையும், நிறுவனங்கள் பத்திரிகைகளோடு பேசலாகாது என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் சுற்றறிக்கை விட்டதையும், எட்டு நிறுவனங்களின் ஆய்வுகள் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகே 2023 செப்டம்பரில் வெளிவந்ததையும், இடம் மிஞ்சியதால் ஒட்டியதுபோலக் கடைசிப் பத்தியில் தள்ளிவிட்டீர். மேற்சொன்ன ஓவர்சியர் உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சுற்றறிக்கையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்.

இவ்வளவு குற்றம் சொன்னவன், உள்ளதையும் சொல்லவேண்டும். அவ்வூரைத் திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி என்று வைணவப் பெரியோர் கொள்கிறார்கள், வேறொருவராயிருந்தால் அதையே தலைப்பாக்கித் தமிழ் வாசகர்களை உருக்கியிருப்பார், நீர் செய்யவில்லை. அதற்கு ஒரு சபாஷ். ஆனால் அபாயமான வீடுகளில் சிவப்புப் பெருக்கல் குறி போட வந்த ஆளைப் பற்றி எழுதினீரே, அந்தப் பத்திக்குச் சபாஷ் போதாது. வாசலுக்கருகே மகளின் கலியாணத்தில் எழுதிய மணமக்கள் பெயர் இன்னும் அழியாமல் இருக்க, "அதன்மேல் போடாதே அப்பா" என்று வீட்டுக்காரர் கேட்டதும், அவன் வாளியைத் தூக்கி ஓரடி தள்ளி வைத்துவிட்டு, அதே அளவில், அதே சிவப்பில், தன் வேலையை முடித்ததும்! அழுகை ஒரு சொட்டுக்கூட இல்லை அதில். அந்தப் பத்தியை எழுத எனக்கு வாய்க்கவில்லையே என்று நான் மனதார ஏங்கினேன். என் தலைமுறையில் இதை எழுதக்கூடியவர்கள் இரண்டொருவர்தான் இருந்தார்கள். அதை எழுதிய கைதான் முதல் பத்தியையும் எழுதிற்று என்று நம்பவே கஷ்டமாயிருக்கிறது.

மறுபடியும் அங்கே போகப் போவதாக உம்முடைய ஆசிரியர் சொன்னார். ஜோஷிமட்டில் நிருபர்கள் வந்து போயாகிவிட்டது. வழியில் கர்ணப்பிரயாகையில் இறங்கிவிடும். அங்கே பகுகுணா நகரிலும் வீடுகள் வெடித்தன, அதிகம் பேர் எழுதவில்லை. விரிசல் கண்ட மாதம், மனுக் கொடுத்த தேதி, பதில் வந்த தேதி, நஷ்டஈடு கேட்கிறவரிடம் மனைக்குப் பத்திரம் இருக்கிறதா என்ற இந்த நான்கையும் வீட்டுக்கு வீடு கேட்டு ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வாரும். அழுகிறவர்களை அழவிட்டு, அழுகை நின்ற பிறகு கேளும். இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்கவேண்டியிருக்கும்; செலவுக்கு ஆசிரியர் முகம் சுளித்தால் எனக்கு ஒரு கார்டு போடும், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உமது நன்மையைக் கோரும்
ஒரு பழைய நிருபன்