கூட்டுச் சொத்தும் பங்கீட்டு வழிகளும்

பத்திரத் தமிழ் ஒரு கூட்டுக் குடும்பம். ‘வாரிசு’, ‘தாவா’, ‘அசல்’, ‘பாக்கி’ என்பன அரபு மொழியினின்று வந்தவை. ‘பாகம்’, ‘கிரயம்’ என்பன வடசொற்கள். ‘பகு’ என்னும் அடியிற் பிறந்த ‘பகுதி’ நம் சொல். பன்மொழிச் சொற்கள் ஒரே பத்திரத்தில் இணங்கி வாழ்கின்றன. அப்பத்திரத்திற் பெயர் பெற்ற உடன்பிறந்தாரோ பல வேளைகளில் இணங்கி வாழ்வதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றனர் நம் முன்னோர்.

பலர் கூட்டாக உடைய வீட்டையோ மனையையோ பிரித்துக்கொள்ளவும் விற்கவும் சட்டம் காட்டும் வழிகளை இக்கட்டுரையில் நாம் காண்போம். வழி அறியாமையால் பெரிதும் இழப்பவர் வீட்டுப் பெண்களே என்பது இதனை எழுதத் தூண்டியது.

பங்கு பிறக்கும் நேரம்

இசுலாமியச் சட்டத்தில் பிறப்பால் வரும் சொத்துரிமை இல்லை. தந்தை இறந்த கணத்திலேயே வாரிசுகளின் பங்கு பிறந்துவிடுகின்றது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்படாத மரண சாசனம் ஆகியவை போக எஞ்சியது பங்கிடப்பெறும். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்து 11, 12, 176ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுக்கின்றன. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வழக்காறுகளை விலக்கி இம்முறையை நிலைநாட்டியது. 1949ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் திருத்தம் விளைநிலத்தையும் அதற்குள் கொணர்ந்தது.

இந்துக் குடும்பங்களில் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வழிகாட்டுகின்றது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமையைத் தமிழகம் 1989இல் வழங்கியது. 2005இல் நடுவண் சட்டமும் வழங்கியது. பங்கின் அளவு சமயந்தோறும் வேறுபடலாம். பங்கைப் பிரிக்கும் நடைமுறை பெரும்பாலும் யாவர்க்கும் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மனைவி, 2 மகன்கள், 3 மகள்கள் ஆகியோரை விட்டு ஒருவர் இறக்கின்றார். மனைவிக்கு 1/8. எஞ்சிய 7/8 பகுதியில் மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு. ஆகவே மகன் ஒவ்வொருவர்க்கும் 2/8, மகள் ஒவ்வொருவர்க்கும் 1/8. சொத்து 4 சென்ட் மனையில் அமைந்த ஒரு வீடு எனின், மொத்தம் ஏறத்தாழ 1742 சதுர அடி. ஒரு மகளின் பங்கு 218 சதுர அடி. இதனைச் சுவர் எழுப்பிப் பிரித்தல் இயலுமோ? சிக்கல் இங்கேதான் தோன்றுகின்றது.

இணங்கிச் செய்யும் வழிகள்

முதலாவது பாகப்பிரிவினை. எல்லைகளைக் குறித்து, இன்னார்க்கு இன்ன பகுதி எனப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிதல் வேண்டும். வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வதும் செல்லும். ஆயினும் பத்திரத்தாலேயே பிரிவினை செய்தால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதியாத பத்திரம் உரிமைக்குச் சான்றாகாது.

இரண்டாவது விடுதலைப் பத்திரம். பங்குடையவர் தம் பங்கை மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுப்பது இது. உரிய விலை பெற்றுச் செய்தால் நல்ல வழி. ஆனால் பங்கின் மதிப்பைச் சொல்லாமல், ஒரு பட்டுச் சேலையோடு சகோதரியிடம் கையொப்பம் வாங்குதலும் இப்பெயராலேயே நிகழ்கின்றது. மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு, அறியாமல் இழப்பது வேறு.

மூன்றாவது அனைவரும் கையொப்பமிட்டு வெளியார்க்கு விற்றுப் பணத்தைப் பங்கிடுதல். சிறிய வீட்டிற்குப் பெரும்பாலும் இதுவே எளிது.

இணங்காதபோது

ஒரு பங்காளி தம் பிரிபடாப் பங்கை மட்டும் விற்க மற்றவர் இசைவு தேவையில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதனை ஏற்கின்றது. எனினும், குடும்பத்தார் வாழும் வீட்டில் அப்பங்கை வாங்கிய வெளியார் உடன் குடியேற இயலாது. பாகம் கேட்டு வழக்கிடவே இயலும். அவ்வாறு வழக்கிட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு குடும்பத்தார்க்கு ஒரு வாய்ப்பளிக்கின்றது. நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கை அவர்களே வாங்கிக்கொள்ளலாம். இவ்வுரிமை இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1908இலேயே தெளிவுபடுத்தியது.

பங்காளிகளுள் எவரும் பாக வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் முதலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என முதனிலைத் தீர்ப்பாணை வழங்கும். பின்னர் ஆணையர் ஒருவர் இடத்தை அளந்து, பிரிக்கும் முறையை அறிக்கையாக அளிப்பார். அதன்மேல் இறுதித் தீர்ப்பாணை பிறக்கும். இரண்டிற்கும் இடையே ஆண்டுகள் பல கழிவதுண்டு.

218 சதுர அடிப் பங்கிற்கு விடை தருவது மேற்சொன்ன 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. சொத்தை முறையாகப் பிரிக்க இயலாது, விற்பதே யாவர்க்கும் நன்மை என நீதிமன்றம் கருதினால் விற்க ஆணையிடலாம். ஆனால் அவ்வாறு வேண்டுவோர் தனித்தோ சேர்ந்தோ பாதிக்குக் குறையாத பங்குடையவராதல் வேண்டும். நம் எடுத்துக்காட்டை மீண்டும் நோக்குக. தாயின் 1/8, மூன்று மகள்களின் 3/8 சேர்ந்தால் 4/8. தனித்தனியே எளியராய்த் தோன்றும் அந்நால்வரும் ஒன்றுபட்டால் சட்டம் கேட்கும் பாதி நிறைவுறுகின்றது!

இதனால் சகோதரர் வீடிழந்து நிற்பர் என அஞ்ச வேண்டா. 3ஆம் பிரிவின்படி, விற்பனை கோரியோரின் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள அவர்கள் வேண்டலாம். தந்தை கட்டிய வீடு மகன்களிடம் நிற்கும். பெண்களுக்கு நேர்மையான விலை சேரும்.

செலவுக்கு அஞ்சுவோர் ஒன்றறிதல் நலம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி, பெண்கள் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பட்டுப் பெறும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர். அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

கருத்தில் கொள்ள வேண்டியவை

ஒன்று: வாரிசுகளுள் சிறார் இருப்பின் விழிப்பு மிக வேண்டும். இசுலாமியச் சட்டத்தில் தாய், சிறாரின் சொத்திற்குத் தானாகவே காப்பாளர் ஆவதில்லை என்று 1918இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே தந்தையை இழந்த சிறாரின் பங்கை விற்குமுன் நீதிமன்றத்தின்வழிக் காப்பாளர் நியமனம் பெறுதல் வேண்டும்.

இரண்டு: தந்தை வாழும்போதே ‘இனி உரிமை கோரேன்’ என மகளிடம் எழுதி வாங்குவதால் மட்டும் அவள் உரிமை அற்றுப்போகாது, பிறவாத பங்கை எவரும் விடுவிக்க இயலாது. ஆனால் அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டவர் பின்னர் உரிமை கோருவதைத் தடுக்க இயலும் என்று உச்ச நீதிமன்றம் 1973இல் கூறியுள்ளது.

மூன்று: ஒரு பங்காளியின் அனுபவம் அனைவர்க்குமான அனுபவமே. ஒருவர் பெயரில் பட்டா இருப்பதாலோ அவரே வரி கட்டுவதாலோ பிறர் பங்கு போவதில்லை. ஆயின் அவர் மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து 12 ஆண்டுகள் தனித்தே அனுபவித்தால் வழக்குரிமை கைநழுவக் கூடும். மறுப்பு எழுந்தபின் மௌனம் ஆகாது.

நிறைவாக, பங்கு கேட்பது உறவை முறிப்பது என்னும் எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. உறவை முறிப்பது கேட்ட பங்கன்று, கொடாத பங்கே. வீட்டில் இறப்பு நேர்ந்து துயர் சற்றுத் தணிந்ததும், பெரியோர் வாரிசுகள் அனைவரையும் கூட்டி, இன்னார்க்கு இவ்வளவு என ஒரு தாளில் எழுதிக் காட்டுதல் நன்று. கணக்குக் கற்ற நம் மாணவ மாணவியர் அத்தாளை எழுதத் துணை நிற்கலாம். பங்கு இன்னதென முதலில் தெரியட்டும். பிரிப்பதா, விற்பதா, விட்டுக்கொடுப்பதா என்பதை உரியவர் தாமே தீர்மானிக்கட்டும்.