நாற்று விடும் நாளிலேயே தொடங்கும் அந்துப்பூச்சிக் கணக்கு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள்தான் ஓடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போகிறார்கள். நான் வீட்டுப் பின்கட்டில் அந்துப்பூச்சி வளர்க்கிறேன். அரிசியையும் கம்பையும் நூலாம்படை கட்டிப் பாழாக்குமே, அதே பூச்சிதான். அதன் முட்டைக்குள் டிரைக்கோகிரம்மா என்ற குளவி தன் முட்டையை இடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சிறியது அது. அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி வயலில் கட்டினால், வெளிவரும் குளவிகள் நெல் குருத்துப்பூச்சியின் முட்டைகளைத் தேடிப்போய் அழிக்கும். இதைத்தான் டிரைக்கோ கார்டு என்கிறோம்.

ஒரு பேசினுக்கு இரண்டரை கிலோ கம்புக் குருணை, 100 கிராம் பொடித்த நிலக்கடலைப் பருப்பு, ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகம் 5 கிராம். உண்ணி வராமலிருக்கக் கந்தகம். பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கரைசல் கொஞ்சம் தெளிப்போம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இதுதான், மாற்றத் தேவையில்லை. கம்பை மட்டும் முதலில் நன்றாகச் சூடாக்கி ஆறவிடுங்கள். கடையில் வாங்கும் கம்பில் வண்டு இல்லாமல் இருக்காது. அரை சிசி முட்டையைத் தூவி, காடாத் துணியால் மூடி இறுக்கிக் கட்டிவிட்டால் ஆரம்ப வேலை முடிந்தது.

பிறகு காத்திருப்புதான். முட்டை நாலைந்து நாளில் பொரியும். புழு ஏறக்குறைய ஒரு மாதம் தின்னும். குருணையை நூலால் கோத்துக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இருக்கும்; அங்கேயே கூட்டுப்புழுவாகும். 40 நாள் வாக்கில் முதல் பூச்சி துணியின் அடிப்பக்கம் வந்து உட்காரும். அடுத்த ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். ஆண் பெண் பார்க்க முகத்தைப் பாருங்கள்: பெண்ணுக்கு வாயருகே உள்ள உணர்கொம்பு நீண்டு முன்னால் துருத்தியிருக்கும், ஆணுக்கு அது குட்டை.

வலை அடித்த முட்டைக் கூண்டில் விட்டால் முதல் நாலு நாளில்தான் முட்டையில் பெரும்பகுதி கிடைக்கும். அதற்குமேல் வைத்துத் தேன்தண்ணி ஊட்டுவது வீண் செலவு. 100 ஜோடியில் ஒன்றரை சிசி முட்டை வரும். ஒரு சிசி என்றால் 16,000 முதல் 18,000 முட்டை. கூண்டுக்கு அடியில் விழுவதில் பாதி பூச்சியின் இறகுச் செதில். சரித்துப் பிடித்த தாளில் கொட்டித் தட்டினால் முட்டை உருண்டு ஓடிவிடும், செதில் தங்கிவிடும். இந்தச் செதில் லேசுப்பட்டதல்ல. முகக்கவசம் இல்லாமல் வேலை செய்தவர்கள் சில வருஷத்தில் இழுப்பு வந்து தொழிலையே விட்டதை நான் பார்த்திருக்கிறேன். பேசினுக்கு முன்னால் முகக்கவசம் வாங்குங்கள்.

முட்டையை 15 வாட் புற ஊதா விளக்கில் 20 நிமிடமாவது காட்ட வேண்டும். உள்ளே உள்ள கரு சாக வேண்டும், இல்லாவிட்டால் குளவி தொடாத முட்டையிலிருந்து புழு பொரிந்து பக்கத்து முட்டைகளையும் தின்றுவிடும். பிறகு அட்டையில் பசை தடவி, டீ வடிகட்டியால் சலித்து ஒரே அடுக்காகத் தூவி, பாலிதீன் பையில், ஏற்கெனவே குளவி முட்டையிட்ட தாய் அட்டையோடு போடுவோம். ஆறு சிசி முட்டைக்கு ஒரு சிசி தாய் அட்டை. நாலாம் நாள் முட்டைகள் கறுத்துவிடும். ஏழெட்டு நாளில் குளவி வரும்.

எங்கள் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயில்தான் சோதனை. இந்தப் பூச்சிக்கு 28 டிகிரி சுற்றுவட்டம் இதமாக இருக்கும். சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஜன்னலுக்கு நுண்வலை அடித்து, மேசைக் கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். நுண்வலையில் கஞ்சத்தனம் கூடாது. பிரக்கான் குளவி உள்ளே புகுந்தால் புழுக்களை வாடவைத்துவிடும். வயலில் நண்பன், என் அறையில் எதிரி. அது தெரிந்த பேசினை மறுநிமிடமே வெளியே எடுத்துவிட வேண்டும்; “பார்க்கலாம்” என்று வைத்தால் அறையே போச்சு.

“ஏம்மா, அட்டைல கறுப்புப் புள்ளிதான இருக்கு, பூச்சி எங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “கறுப்பா இருந்தா நல்லதுதாங்க ஐயா, உள்ள இருக்கு” என்றேன். மறுநாள் சாயங்காலம் போன் பண்ணினார், வந்துடுச்சு என்று. அவரிடம் சொன்னதுதான் எல்லோருக்கும்: வெயில் தணிந்த பிறகு இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள், முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள்.

எனக்குப் பெரிய தலைவலி ஆர்டர்தான். வெண்கதிர் கண்ணில் பட்ட பிறகு போன் பண்ணுகிறார்கள். அப்போது கார்டு கட்டிப் பயனில்லை, முட்டை பொரிந்து புழு தண்டுக்குள் போயிருக்கும். குருத்துப்பூச்சிக்கு நட்ட 30, 37-ஆம் நாட்களில் ஏக்கருக்கு இரண்டு சிசி வீதம் கட்ட வேண்டும். பின்னோக்கி எண்ணுங்கள்: முட்டை சேர்த்துக் கார்டு கறுக்க ஒரு வாரம், பூச்சி வர ஒன்றரை மாதம். நீங்கள் நாற்று விடும் நாளில் நான் பேசினில் முட்டை தூவியிருக்க வேண்டும். சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ, விதை ஊறப்போடும் அன்றே கார்டு தயாரிப்பவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.