சேவலா, பெட்டையா?

கோழிக்குஞ்சு வாங்குவோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. இது சேவலா, பெட்டையா என்பது ஒன்று. இது என்ன இனம் என்பது மற்றொன்று. விற்பவர் இரண்டிற்கும் தயங்காமல் விடை கூறுவார். அவ்விடையை எவ்வளவு நம்பலாம்? இஜ்ஜத்நகரில் கோழியியல் பயிலும் என்னிடம், விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் பலர் இதனை வினவியுள்ளனர். அவர்கட்கு நான் தரும் விடையே இக்கட்டுரை.

இதனைச் சிறு செய்தி என்று எண்ணிவிடலாகாது. எங்கள் ஊரில் அத்தை ஒருவர், கூடையில் குஞ்சு கொண்டுவந்தவர் “அத்தனையும் பெட்டை” என்றதை நம்பிப் பத்துக் குஞ்சுகள் வாங்கினார். முட்டை விற்று மகளின் பள்ளிச் செலவை ஈடுகட்டுவது அவர் எண்ணம். தீனி போட்டு வளர்த்தபின் ஏழு கூவின, மூன்றே முட்டையிட்டன.

விற்றவர் ஏமாற்றினார் என்றும் உறுதியாகக் கூற இயலாது. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். பிரிக்கப்படாத பத்துக் குஞ்சுகளை எடுத்தால், அவற்றில் எட்டோ அதற்கு மேலோ பெட்டையாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரை அளவே. ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமையும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழு. ஆகவே, பால் அறியாமல் வாங்குவோர் பாதிக்கு மேல் பெட்டை கிடைக்கும் என்று கணக்கிடலாகாது.

கூர்முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்பர் சிலர். முட்டைக்கு வடிவம் தருவது தாயின் கருக்குழல். குஞ்சின் பாலோ, மஞ்சட்கரு அக்குழலை அடையுமுன்பே முடிவாகிவிடுகிறது. பின்னர் அமையும் ஓட்டின் வடிவம் முன்னர் முடிந்த செய்தியை எவ்வாறு அறிவிக்கும்?

அப்படியாயின் உண்மையான வழிகள் யாவை? ஒருநாட் குஞ்சிற்கு மூன்று உண்டு.

முதலாவது, எச்சத்துவாரத்தை மெல்லத் திறந்து, உள்ளிருக்கும் சிறு புடைப்பைக் காண்பது. 1920களில் ஜப்பானிய அறிஞர்களான மசூயும் ஹாசிமோட்டோவும் இதனை வகுத்தனர். கைதேர்ந்தவர் மணிக்கு நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பெரும்பாலும் பிழையின்றிப் பிரிப்பர். ஆனால் இது நெடுநாட் பயிற்சி வேண்டும் கலை. பழகாத கை அழுத்தினால் குஞ்சு மாண்டுபோகும். வீட்டில் இதனை முயலவேண்டா.

இரண்டாவது, நிறம். இதனைப் புரிந்துகொள்ளச் சிறிது மரபியல் வேண்டும். சேவலுக்கு இசட் என்னும் நிறத்திரி இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாய் தன் இசட்டை மகனுக்கே அளிக்கிறாள். மகள் பெறும் இசட் தந்தையுடையது. எனவே, இசட்டில் அமைந்த ஓங்கு பண்பொன்று தாயிடம் இருந்து தந்தையிடம் இல்லாதிருந்தால், அது மகன்களிடம் மட்டுமே தோன்றும். வரியிறகுடைய பிளிமத் ராக் பெட்டையை ரோடு ஐலண்டு ரெட் சேவலுடன் சேர்த்தால், சேவற்குஞ்சின் கருந்தலையில் வெண்புள்ளி இருக்கும், பெட்டைக்குஞ்சிற்கு இராது. முதல் உலகப்போரில் தீவனம் அரிதானபோது, சேவற்குஞ்சுகளை முன்னரே பிரிக்க இவ்வழியை வற்புறுத்தியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் புன்னெட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெற்றோரை மாற்றிச் சேர்த்தால் இவ்விதி பயன்படாது. வரிச்சேவலின் குஞ்சுகள் அனைத்திற்குமே புள்ளி வரும். அக்கலப்புக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் இணைந்தாலும் பயன்படாது. அப்போது இருபாலிலும் பாதிக்குப் புள்ளி இருக்கும். பண்ணையில் பொருந்திய விதி கொல்லையில் அடுத்த தலைமுறையில் பொய்ப்பது இதனாலேதான்.

மூன்றாவது, சிறகு. விரைந்து இறகு முளைக்கும் மரபின் சேவலும், மெதுவாக முளைக்கும் மரபின் பெட்டையும் சேர்ந்தால், பெட்டைக்குஞ்சின் சிறகில் முதன்மை இறகுகள் மேல்மூடும் இறகுகளைவிட நீண்டிருக்கும். சேவற்குஞ்சில் இரண்டும் சமமாகவோ, முதன்மை இறகு குறுகியோ இருக்கும். பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்துவிடவேண்டும். இவ்வாறு திட்டமிட்டு இணைக்காத நாட்டுக்கோழிக் குஞ்சின் சிறகை விரித்துப் பார்ப்பதால் பயனில்லை.

பின்னிரண்டு வழிகளும் ஓர் உண்மையையே உரைக்கின்றன: பெற்றோரை அறிந்தவருக்கே குஞ்சின் அடையாளம் பொருள்படும்.

பெற்றோரை அறியாதவர் பொறுத்திருத்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவலின் கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கும், கால் தடிக்கும். அதன்பின் கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்குக் கூரிய, பளபளப்பான இறகுகள் முளைக்கும்; பெட்டைக்கு அவ்விறகுகளின் நுனி வட்டமாகவே இருக்கும். அசில் போன்ற சண்டைக்கோழிகளுக்குக் கொண்டை இயல்பிலேயே சிறிது. அவற்றில் கொண்டையை விட்டு இறகையே நம்புக.

இனி இனம். குஞ்சிலேயே காணத்தக்க அடையாளங்கள் சில உள. கொண்டையின் வடிவம், கால்விரல்களின் எண்ணிக்கை, தோலின் நிறம், கழுத்தில் இறகின்மை ஆகியன அவை. ஆயினும் இவை ஒவ்வொன்றும் ஒரு பண்பைக் காட்டுமேயன்றி இனத்தை நிறுவா. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாக் கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விலையும் மிகுதி. கருங்குஞ்சுகளையெல்லாம் கடக்நாத் என்று விற்போர் உண்டு. மேலே கூறிய பிளிமத் ராக் கலப்பின் பெட்டைக்குஞ்சும் கருமையே. ஆஸ்திரலார்ப் குஞ்சின் முதுகும் கருமையே. எனவே மென்தூவியை விலக்கித் தோலையும், வாயைத் திறந்து நாக்கையும் பார்க்கவேண்டும். அவையும் கருத்திருந்தால் கடக்நாத் குருதி இருக்கலாம். இருப்பினும் தூய்மை உறுதியன்று. பாதிக் கலப்பிலும் தோல் கருக்கும். இஜ்ஜத்நகரில் கடக்நாத்தைக் கொண்டு உருவாக்கிய காரி சியாமா இதற்குச் சான்று. இனம் என்பது தனிக்குஞ்சின் பண்பன்று; தலைமுறைதோறும் தன்னை ஒத்த குஞ்சுகளையே ஈனும் ஒரு கூட்டத்தின் பண்பு.

திருவிழாக்களில் சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டையினங்களின் சேவல்களே. பண்ணைக்கு அவை வேண்டாதவை. பல நாடுகளில் அவற்றைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவர். செருமனி 2022இல் அதனைத் தடைசெய்தது. மலிவான குஞ்சு ஏன் மலிவு என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே நண்பர்காள்! ஊரில் உங்களைக் கேட்போர்க்கு இவ்வாறு கூறுங்கள். குஞ்சைப் பார்க்குமுன் தாய் தந்தையைக் கேளுங்கள். விடை கிடையாவிடில் பாதி சேவல் என்றே கணக்கிட்டு, அதற்கேற்ற விலையே கொடுங்கள். முட்டையே நோக்கமாயின், சற்றுக் கூடுதல் பணம் தந்து, பால் விளங்கிய எட்டு அல்லது பத்து வாரப் பெட்டைகளை வாங்குங்கள். அந்தக் கூடுதல் தொகை, வேண்டாத சேவலுக்கு ஐந்து மாதம் போடும் தீனியைவிடக் குறைவாகவே இருக்கும்.